கைகாட்டியாரும் கண்ணை மூடிய பத்தடியும்

"இந்த வாயால் இன்றுவரை யாரிடமும் வழி கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன். வழி கேட்கிறவன் வழி எழுதக் கூடாது."

தம்முடைய பயண வழிகாட்டி நூல் ஆறாவது பதிப்பைக் கண்டபோது, பதிப்பாளர் ஏற்பாடு செய்திருந்த கூட்டத்தில், ஒரு கையால் ஒலிவாங்கியையும் மறு கையால் மேசையையும் பிடித்துக்கொண்டு அவர் இப்படி முழங்கினார். கூட்டம் கை தட்டியது. கூட்டம் என்றால், பதிப்பகத்து ஊழியர்கள், அச்சகக்காரர், மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர், முன்வரிசையில் அவருடைய மனைவி, மனைவியின் அண்ணன். மைத்துனர் மட்டும் கை தட்டவில்லை. அவர் வாயில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, தங்கையின் காதோரம் குனிந்து, "நல்லவேளை, ஊர்க்காரங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார்.

கைகாட்டி என்ற பட்டத்தைச் சூட்டியவரும் இந்த மைத்துனர்தான். சாலை பிரியும் இடத்தில் நிற்கும் கைகாட்டி போவோர் வருவோருக்கெல்லாம் வழி காட்டுகிறது, ஆனால் கூட ஓரடி வருவதில்லை. மாப்பிள்ளையும் ஊரையெல்லாம் அங்கே போ இங்கே போ என்று அனுப்புகிறாரே தவிர, கட்டினவளைத் தெருமுனை தாண்டி ஓரிடம் கூட்டிப் போனதில்லை என்பது அவர் வாதம். பெயர் ஒட்டிக்கொண்டது. பதிப்பகத்தில் மரியாதைக்கு ஒரு 'ஆர்' விகுதி சேர்த்தார்கள். நாமும் கைகாட்டியார் என்றே சொல்வோம். அவருக்கு அது தெரியாமல் இல்லை, பழகிவிட்டது.

பெரியவர்களின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். கைகாட்டியார் எல்லோரையும் போலத்தான் பிறந்தார். அப்போதும் யாரிடமும் வழி கேட்கவில்லை. அதன் பிறகு நெடுங்காலம் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்த பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. கழுத்தில் டை, கையில் கனமான தோல் பை, ஊர் ஊராக மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருப்பு. காத்திருக்கும் நேரத்தில் மற்றக் கம்பெனிப் பிரதிநிதிகள் எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஒரே விஷயம்: எந்த விடுதியில் வெந்நீர் வெந்நீராகவே வருகிறது, எதில் மூட்டைப்பூச்சி, எந்த அறைக்கு அடியில் ஜெனரேட்டர். இவர் அதையெல்லாம் தொகுத்து, நகலெடுத்து, நண்பர்களுக்குக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி ஒரு பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. மருந்து விற்றதைவிட மூட்டைப்பூச்சி எழுதியது நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். மருந்துக் கம்பெனியும் ஏறக்குறைய அதே கருத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து தொழில் இதுவே. விடுதிக்குள் நுழைந்து, தங்க வந்தவரைப் போல அறையைக் காட்டச் சொல்வார். மெத்தையை முழங்கையால் அழுத்துவார். குழாயைத் திறந்து கைவைத்துக் காத்திருப்பார். தலையணை உறையை முகர்வார். பிறகு, "வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று வெளியேறிவிடுவார். நாடு முழுவதும் விடுதி மேலாளர்கள், எதையும் மனைவியைக் கேட்காமல் செய்யாத உத்தமர் என்று அவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனைவிக்கோ இந்த விடுதிகளில் ஒன்றின் வாசல்கூடத் தெரியாது.

வழி கேட்காத விரதத்தை அவர் காத்த விதமும் பதிவு செய்யத்தக்கது. தெரியாத ஊரில் இறங்கினால் எதிரே வருகிறவரிடம், "இது ரயில் நிலையத்துக்குப் போற ரோடு" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார். அது கேள்வி அல்ல, தகவல். தகவல் தப்பாக இருந்தால் எதிராளி திருத்துவார். வாடகைக் காரில் போனால் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி யாரையாவது கேட்பார். அந்த நேரத்தில் இவருக்கு எதிர்ப்பக்கத்து மரத்தில் ஏதாவது முக்கியமான பறவை தென்பட்டுவிடும்.

மலைப்பாதைகளுக்கு அவர் வைத்திருந்த முறை இன்னும் நுட்பமானது. அவர் எந்த மலையையும் ஏறியது கிடையாது. ஜீப்பில் உச்சிக்குப் போய், அங்கிருந்து நடந்து இறங்குவார். மூச்சு வாங்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: இறங்குகிறவன் வழி கேட்க வேண்டியதே இல்லை. எத்தனை கிளைப்பாதை வந்தாலும் எல்லாம் கடைசியில் அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கையடக்கப் பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே இறங்குவார். வாசகர்கள் ஏறிப் போகிறவர்கள் ஆயிற்றே, அதனால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி எழுதுவார். இடது வலதாகும், இறக்கம் ஏற்றமாகும். இதற்கு அவர் அறையில் ஒரு சடங்கு உண்டு. ஜன்னலைப் பார்த்து நின்று பதிவைக் கேட்பார், கையை நீட்டுவார், கை நீட்டியபடியே அலமாரிப் பக்கம் திரும்புவார், உட்கார்ந்து எழுதுவார். மறுபடி எழுந்து ஜன்னலைப் பார்ப்பார். புதிதாக வந்த வேலைக்காரப் பெண் இதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, ஐயாவுக்கு ஏதாவது வைத்தியம் நடக்கிறதா என்று அம்மாவிடம் விசாரித்தாள். இல்லை, இலக்கியம் என்று அந்த அம்மாள் பதில் சொன்னார்.

நூலிலேயே புகழ்பெற்ற பகுதி மலை ஏரிக்குப் போகும் நடைபாதை. அதில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'கரையை நெருங்கியதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அப்படியே பத்தடி நடந்து பாருங்கள். காற்று உங்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்.' அந்த ஏரிக்கரை புல் படர்ந்த சமதளம். கண்ணை மூடிப் பத்தடி அல்ல, உருண்டே போனாலும் ஒன்றும் ஆகாது. எழுதினவரும் அங்கே கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர்தான். ஜீப்காரர் சிரித்ததால் பாதியில் திறந்துவிட்டார்.

மனைவிக்கு அந்தப் பத்தி மனப்பாடம். எட்டாம் பதிப்பும் வந்து ஒன்பதாவதற்குக் கைகாட்டியார் திருத்தம் செய்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் காலை மனைவி கான்வாஸ் செருப்பு மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு அறைவாசலில் வந்து நின்றார். அண்ணன் தெருவில் காத்திருந்தார்.

"என்னங்க, நாங்க ஏரி வரைக்கும் போயிட்டு வரோம்."

எந்த ஏரி என்று கேட்டார் கைகாட்டியார்.

"நீங்க எழுதின ஏரிதான். கூட்டிட்டுப் போவீங்க போவீங்கன்னு பாத்தாச்சு. இப்ப புஸ்தகமே கூட்டிட்டுப் போகட்டும். கண்ணை மூடிக்கிட்டு நடந்து பாத்துட்டுத்தான் வருவேன்."

நானே வந்திருப்பேன், பதிப்பாளர் கழுத்தை நெரிக்கிறார் என்றார் இவர். நடந்தே ஏறப்போகிறார்களா, அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்றும் கேட்டுவைத்தார். மெல்லிய ஏற்றம், முதியோரும் குழந்தைகளும் பாடிக்கொண்டே ஏறலாம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று மனைவி திருப்பிக் கேட்டார். மைத்துனர் தெருவிலிருந்தபடியே, மாப்பிள்ளையின் எழுத்தை நம்பிப் போகிறோம், நாங்கள் வராவிட்டால் ஒன்பதாம் பதிப்பில் கறுப்புக் கட்டம் போட்டுவிடுங்கள் என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் தபால் வந்தது. புதிய பதிப்புக்காகப் பதிப்பகம் அனுப்பியிருந்த புகைப்படக்காரப் பெண் எடுத்த படங்கள். கைகாட்டியார் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். ஒரு படத்தில் அவர் கை நின்றது. மலைப்பாதை இரண்டாகப் பிரியும் இடம், கீழிருந்து எடுத்தது. வலது கிளையின் ஓரத்தில் ஒரு துருப்பிடித்த லாரி, சக்கரம் மண்ணில் புதைந்து நின்றது. அந்த லாரி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அது நிற்பது பழைய கல் குவாரிக்குப் போகும் பாதையில். போகும்போது ஜீப்காரர் கையைக் காட்டிச் சொல்லியிருந்தார்: அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க சார், மலையைச் செங்குத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அடியில் தண்ணீர் நிற்கிறது, தடுப்பும் கிடையாது, ஆடு விழுந்தால்கூடக் கொம்புதான் மிதக்கும்.

லாரி வலப்பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நூலில், 'பாதை பிரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்புங்கள்' என்றல்லவா இருக்கிறது? அப்படியானால் லாரி இடப்பக்கம்தானே நிற்க வேண்டும்? கைகாட்டியார் புன்னகைத்தார். படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது. இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், லாரி நம்பரைப் படிச்சுப் பாருங்க" என்றாள்.

பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். எண்கள் நேராக இருந்தன. ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி ரைட்லதான் சார் போனேன். பெரிய பள்ளம்தான் இருந்துச்சு. ஏரியைக் காணோம். உங்ககிட்ட கேக்கலாம்னு நினைச்சேன்."

கேட்டிருக்க வேண்டியதுதானே என்றார் கைகாட்டியார். அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"வழி கேக்கறவங்களைக் கண்டா உங்களுக்குப் பிடிக்காதாமே சார். ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க."

ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றார். இறங்கும்போது குவாரிப் பாதை இடது கைப்பக்கம் வந்து சேர்ந்தது. இடது கையை நீட்டினார். கை காட்டிய சுவரை விடாமல் அலமாரிப் பக்கம் திரும்பினார். கை இப்போது லாரி நிற்கும் பக்கத்தை, அதாவது வலப்பக்கத்தைக் காட்டியது. ஏறுகிறவன் இடது பக்கம் அல்லவா போக வேண்டும்? அப்போதுதான் அந்தப் பழைய மத்தியானம் ஞாபகம் வந்தது. பாதி திரும்பிக்கொண்டிருக்கையில், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, வந்து உருட்டிக் கொடுங்கள் என்று மனைவி கூப்பிட்டார். போய் உருட்டிவிட்டு வந்து, திரும்பிவிட்டதாக நினைத்து, திரும்பாமலே உட்கார்ந்து எழுதிவிட்டார். ஆக, குற்றத்தில் ஒரு பங்கு அவளுடையது என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அந்தக் குற்றவாளி இப்போது எங்கே நடந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைவு வந்ததும் அந்த ஆறுதல் இருந்த இடம் தெரியவில்லை.

மனைவியின் எண்ணை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் மிகவும் பணிவாகச் சொன்னது. மைத்துனர் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயணத்தில் செல்போனை அணைத்தே வைப்பவர். 'தொலைபேசியின் தொல்லை எட்டாத தூய இடம்' என்று அந்த மலையைப் பற்றித் தாமே எழுதிய வரி அவர் கண்முன் நின்றது.

அடுத்தடுத்து வேறு சில வரிகளும் வரிசையாக வந்து நின்றன. ஏரியின் கரை செங்குத்தாக இருக்கிறதே, தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, பாறைகள் சதுரமாக இருக்கின்றனவே என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கைகாட்டியார் வாசகர் கருத்துக்கு மதிப்புத் தருபவர். கோடையில் ஏரி வற்றியிருக்கும் என்று தீர்மானித்து, மூன்றாம் பதிப்பில் 'கோடையில் சதுரப் பாறைகள் சூழ மரகத நிறத்தில் காட்சி தரும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைப் பாராட்டியும் கடிதம் வந்தது.

அவர்கள் எழுதினார்கள், சரி. எழுதாதவர்கள்? வாசகர் ஒன்றும் எழுதாவிட்டால் திருப்தி என்றுதான் இத்தனை காலமும் அவர் பொருள் கொண்டிருந்தார். கண்ணை மூடிப் பத்தடி நடந்தவர்களில் எத்தனை பேர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று இப்போது எப்படித் தெரிந்துகொள்வது? சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டாமலே இறங்கி ஓடினார்.

வாடகைக் கார் ஓட்டுநர் சாவகாசமான மனிதர். மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று இவர் கேட்டபோதெல்லாம், "பதறாதீங்க சார், மலை எங்கேயும் ஓடிடாது" என்றார். மலை ஓடாது என்பதுதான் இவருக்குக் கவலையே. நாலு சாலை கூடுமிடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். கைகாட்டியார் வழக்கம்போல எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே மரமும் இல்லை, பறவையும் இல்லை. டயர் கடைதான் இருந்தது. அவர் டயர்களை உற்றுப் பார்த்தார்.

அடிவாரத்தில் பனி இறங்கியிருந்தது. 'பிற்பகலில் பனி உங்களைத் தாய்போல் போர்த்தும்' என்பதும் அவர் எழுதியதே. இந்தத் தாய் மலையின் பாதியை ஏற்கெனவே விழுங்கியிருந்தாள். ஜீப் ஒன்றுகூட இல்லை. பனி நாளில் ஓட்ட மாட்டார்களாம். டீக்கடைக்காரர் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கைகாட்டியார் அவரிடம் போய் நின்றார். கேட்பதென்றால் கேள்வியாகக் கேட்க வேண்டும். பழக்கம் விடவில்லை.

"காலையில ரெண்டு பேர் மேலே போயிருப்பாங்க" என்றார்.

"தினமும் போறாங்க சார்" என்றார் டீக்கடைக்காரர்.

தகவலுக்குத் தகவல் வந்துவிட்டது. இவர் நன்றி சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார்.

தம் வாழ்நாளில் முதல்முறையாக ஏறினார் என்பதை இங்கே குறிக்க வேண்டும். மெல்லிய இறக்கத்தைத் திருப்பிப் போட்டால் மெல்லிய ஏற்றம் வரும் என்று அவர் நம்பியிருந்தார். கணக்கு சரிதான். கால்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. முதியோரும் குழந்தைகளும் பாடிக்கொண்டே ஏறலாம் என்ற இடத்தில் அவர் ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடுவது இருக்கட்டும், மூச்சை விடவே இரண்டு வாய் தேவைப்பட்டது. சர்க்கரைக்கார மைத்துனர் இதே பாறையில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய வசவுகளை நினைத்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. திட்டுகிற அளவுக்கு உயிரோடு இருந்தால் போதும். இன்னும் எத்தனை வேண்டுமானாலும் திட்டட்டும், ஆயுள் முழுக்கத் திட்டட்டும்.

பிரியும் இடம் வந்தது. பனிக்குள் லாரி கறுப்பாக, கால் மடக்கிப் படுத்த மாடுபோல நின்றது. வலப்பக்கத்தில். கைகாட்டியார் அதைத் தொட்டுப் பார்த்தார். துரு கையில் ஒட்டியது. நூலில் இந்த லாரியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாலும் போதும், வாசகன் சுதாரித்திருப்பான். ஆனால் துருப்பிடித்த லாரியையும் குவாரியையும் எந்தப் பயண நூல் எழுதுகிறது? அழகில்லாததை எல்லாம் விட்டுவிடுவதுதான் முறை. அவரும் முறைப்படி விட்டிருந்தார்.

வலப்பக்கம் திரும்பி நடந்தார். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. எப்படிக் கூப்பிடுவது? கல்யாணமான நாளிலிருந்து மனைவியை 'இந்தாம்மா' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அடுக்களை வரைக்கும் போகும் அழைப்பு, மலைக்குத் தாங்காது. எனவே, "மச்சான்!" என்று கத்தினார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ, "மச்சான்" என்று பதில் வந்தது. அவர் நெஞ்சு துள்ளியது. மறுபடி கத்தினார். மறுபடியும் அதே மச்சான். குவாரிச் சுவர்தான் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தது.

எதிரொலி வருகிறதென்றால் பள்ளம் பக்கத்தில். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். அப்போது காலடியில் ஏதோ பச்சையாக மின்னியது. குனிந்து எடுத்தார். புதினா மிட்டாய்த் தாள். ஈரத்தில் ஊறாமல், புத்தம் புதிதாக.

வந்திருக்கிறார்கள். இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியாமல். இங்கிருந்து ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்தால் எங்கே போய் நிற்பாள் என்று எட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து வரமாட்டேன் என்றது. கால்கள் அங்கேயே வேர் விட்டுவிட்டன. கைகாட்டியார் உண்மையிலேயே கைகாட்டியைப் போல நின்றார்.

"சார், ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

பனிக்குள்ளிருந்து ஓர் இளைஞன் செல்போனை நீட்டினான். பக்கத்தில் ஒரு பெண், புது மனைவி என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் கையில் கைகாட்டியாரின் நூல், எட்டாம் பதிப்பு. பின்னட்டையில் கறுத்த தலைமுடியோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பையும் எதிரே நிற்கும் நரைத்த முகத்தையும் அவர்கள் முடிச்சுப் போடவில்லை. இருவரும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரி தெரிகிற மாதிரி எடுங்கள் என்று பின்னால் நகர்ந்தார்கள்.

"முன்னாடி வாங்க" என்றார் கைகாட்டியார். அவர்கள் காதில் விழவில்லை. மறுபடி சொன்னார். "ரெண்டு பேரும் முதல்ல முன்னாடி வாங்கம்மா."

வந்தார்கள். அவர்கள் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்து நிறுத்திவிட்டு, இங்கே கான்வாஸ் செருப்புப் போட்ட ஓர் அம்மாளும், மிட்டாய் சப்பிக்கொண்டு ஒரு பெரியவரும் வந்தார்களா என்று திக்கித் திணறி விசாரித்தார்.

"அந்த ஆன்ட்டியா? அவங்க இல்லன்னா நாங்க இல்ல சார்" என்றாள் பெண். "புக்ல போட்டிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம். ஓடி வந்து பின்னாடியிருந்து இழுத்துட்டாங்க. இது ஏரியே இல்லைன்னாங்க."

இளைஞனுக்கு அதில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அவர்களிடம் நூலைத் திறந்து, சதுரப் பாறை, மரகத நிறம் எல்லாம் வரிக்கு வரி சரியாக இருப்பதைக் காட்டினானாம். எழுதினவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று வாதாடினானாம்.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்றார் கைகாட்டியார்.

"எழுதினவரை எனக்கு நல்லாத் தெரியும்ப்பா, கண்ணைத் திறந்துகிட்டே வீட்டு வாசப்படி தடுக்கி விழறவருன்னாங்க சார். அந்தப் பெரியவர் சிரிச்ச சிரிப்புல மிட்டாய் தொண்டைக்குள்ள போயிடுச்சு. முதுகுல தட்டித்தான் எடுத்தோம்."

கைகாட்டியார் கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சகதி. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பனி அதிகம் என்று அவர்களிடம் விளக்கம் சொன்னார். அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, ஏரிக்குத்தான் என்றான் இளைஞன். இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அந்த அம்மாள் வழி கேட்டுக்கொண்டு போனார்களாம். பத்தடி நடக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். தாங்களும் போயிருக்கலாம்தான், ஆனால் நூலில் இவ்வளவு எழுதியிருக்கிறாரே, பனி விலகினால் அழகாக இருக்குமோ என்று மனசு கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"வழி கேட்டாங்களா?" என்றார் கைகாட்டியார்.

"ஆமா சார். கேட்டா சொல்லப் போறாங்க."

அவர் எழுந்து, பின்பக்கத்துச் சகதியைத் தட்டினார். பனி இன்னும் அடர்ந்தது. லாரி இருந்த திசையே இப்போது நிச்சயமில்லை. அந்தப் பெண் பரிதாபப்பட்டு, உங்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், படம் எல்லாம் போட்டிருக்கிறது என்று நூலை நீட்டினாள்.

"புக்கு வேண்டாம்மா" என்றார்.

சுற்றிலும் பார்த்தார். கண்ணாடியை இறக்கிக் கேட்க ஓட்டுநர் இல்லை. உற்றுப் பார்க்க மரமோ பறவையோ டயரோ இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒருமுறை போதாமல் இரண்டாம் முறையும் செருமினார்.

"ஏரிக்கு எப்படிப்பா போகணும்?"

இளைஞனுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. "இப்படியே போனீங்கன்னா லாரி வரும் சார். அங்கேருந்து லெஃப்ட்" என்றான்.

கைகாட்டியார் இடது கையை நீட்டினார். நீட்டியபடியே இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல, அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்:

"லெஃப்ட்டுன்னா, ஏறும்போதா, இறங்கும்போதா?"